பாகங்களைக் குறிக்கவும்

லியபாயாவில் பிப்ரவரி.
கடற்காற்று ட்ராம் கம்பிகளை உலுக்கிவிட்டு
சிறப்புப் பள்ளியின் மூன்றாவது ஜன்னலில் வந்து முட்டுகிறது.
உள்ளே, ரேடியேட்டருக்குப் பக்கத்தில்,
ஈரமான தேங்காய் நார்மேல்
கெஃபீர்.

ஆப்பிரிக்க நத்தை. உள்ளங்கை நிறையும்.
பாதம் மோர் வெள்ளை, அதனால் அந்தப் பெயர்.
பெயர் வைத்தது யார் என்று கேட்டால்
ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் கை தூக்குவார்கள்.
க்ரிஷ்யானிஸ் தூக்கமாட்டான்.
அவன் பேசுவதில்லை.
பாடம் கேட்பது மேசைக்கு அடியிலிருந்து.

விஸ்மா டீச்சர் பதினெட்டு வருடம்
உயிரியலை அட்டையில்தான் நடத்தினாள்.
அட்டையில் இதயம் எப்போதும் சிவப்பு,
அம்புக்குறிகள் எப்போதும் நேர்.
பார்வையில்லாத தாக்னியாவுக்கு
அட்டை என்றால் அட்டையின் வாசனை.

இன்று தாக்னியாவின் மணிக்கட்டில் நத்தை ஏறுகிறது.
"ஈரம்" என்கிறாள்.
கொஞ்சம் பொறுத்து,
"பூனை நாக்கு. ஆனால் அவசரமில்லாத பூனை."
அந்த நாக்கில் பற்கள் ஆயிரக்கணக்கில் என்று விஸ்மா சொன்னபோது
அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.
"அத்தனையையும் யார் துலக்கிவிடுவது?"

மேசைக்கு அடியில் இருப்பவனை
வெளியே வா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்து
அக்டோபரில் ஒருநாள் விஸ்மா
மேசைப் பலகையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டாள்.
கணக்கு டீச்சர் சிரித்தார்.
கெஃபீரை அதன்மேல் விட்டாள்.

வயிற்றுக்காலி என்ற சொல்லைப் புத்தகத்தில் படிப்பது வேறு,
வயிறே காலாகித் தலைக்குமேல் நடந்துபோவதை
மல்லாந்து படுத்துப் பார்ப்பது வேறு.
வாலிலிருந்து தலைக்கு
ஒரு வரி, அதன் பின்னால் இன்னொரு வரி,
முடிவதற்குள் அடுத்தது.
வகுப்பிலேயே நல்ல இடம் அவனுடையதுதான்.
நெடுநேரம் கழித்து, பேசும் பலகையில்
ஒரே ஒரு பொத்தானை அழுத்தினான்:
கடல்.

ரைவிஸ் கைகள் அவன் சொல்வதைக் கேட்பதில்லை.
தசைக்கு அவனிடம் தனிக் கோபம் உண்டு,
வருமுன் சொல்லாது.
ஜனவரி பன்னிரண்டு, இரண்டாம் பீரியட்,
விரல்கள் தாமாகத் திறந்தன.

அந்தச் சத்தம் பெரிதில்லை.
டீக்கோப்பையைத் தட்டில் வைப்பதுபோல.
ஓடத் தெரியாததற்குத்தான் ஓடு;
அதில் இப்போது
உதட்டிலிருந்து உச்சிக்கு ஒரு விரிசல்.
யாரும் ரைவிஸைப் பார்க்கவில்லை.
அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுவாரம் ஓசோலின்ஷ் வந்தார், துறையிலிருந்து.
விபத்துப் படிவம், மூன்று பக்கம்.
காயமடைந்தவர்: மாணவர், ஆசிரியர், ஏனையோர்.
விஸ்மா 'ஏனையோர்' கட்டத்தில் குறியிட்டாள்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மீண்டும் போட்டுக்கொண்டு படித்தார்,
கையெழுத்திட்டார்.

முட்டை ஓடு சுண்ணாம்பு, நத்தை ஓடும் சுண்ணாம்பு.
இந்த ஒரு வாக்கியம்தான் அந்த மாதத்துப் பாடம்.
ரைவிஸ் வீட்டில் தினமும் ஆம்லெட்.
அவன் அம்மா சமையலறையிலிருந்து போன் செய்து
"இன்னும் எத்தனை நாள் டீச்சர்?" என்று கேட்டாள்.
தயிர் டப்பாவில் பொடித்த ஓடு வந்துகொண்டே இருந்தது,
பாதி பஸ்ஸில் சிந்தி, மீதி கெஃபீருக்கு.

உள்ளிருந்து மெல்லிய படலம் வந்தது முதலில்.
பிறகு கெட்டியானது.
தாக்னியா விரலால் தினமும் படித்துச் சொன்னாள்:
"இன்றைக்கு இன்னும் கூர்."
"இன்றைக்குத் தழும்பு."
பழைய ஓட்டின் காப்பி நிறம் அங்கே திரும்பவில்லை.
வெளுத்த, மேடான, கோணல் கோடு.

மார்ச்சில் தேர்வு.
அச்சடித்த நத்தை, ஆறு அம்புகள்.
பாகங்களைக் குறிக்கவும்.
ரைவிஸ் ஆறையும் எழுதி முடிக்க முக்கால் மணி ஆனது.
பிறகும் தாளைத் தரவில்லை.
படத்து நத்தையின் முழு ஓட்டின்மேல்
பென்சிலை வைத்து இழுத்தான்.
கை நடுங்கியது.
கோடும் நடுங்கியது.
விரிசல் அப்படியேதான் இருந்தது, அச்சு அசலாக.

விடைக் குறிப்பில் ஆறுதான்.
விஸ்மா பேனாவை மூடினாள், திறந்தாள்,
தொட்டியில் வெள்ளரித்துண்டு அரைபடுவதைக்
கொஞ்ச நேரம் கேட்டாள்.
ஆறுக்கு ஏழு என்று போட்டாள்.