திறந்த அலைவரிசை

வழக்கமான குமட்டல் என்றுதான் நினைத்தாள் டார்லா.
வியாழன் ஊசி, வெள்ளி வாந்தி,
பழகிப்போன கணக்கு.
ஆனால் இது
தொப்புளுக்கு மேலே நுழைந்து
முதுகில் வெளியேறப் பார்த்தது.
குனிந்தாலும் விடவில்லை.
குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை.

தண்டர் பேக்கு வடக்கே
பனி தள்ளும் வண்டியை ஓரங்கட்டி
ஒலிவாங்கியை எடுத்தாள்.
"ஏதாவது மருந்து எடுக்கிறாயா?"
என்றது கட்டுப்பாட்டு அறை.
பதினோரு ஓட்டுநர்கள் கேட்கும் அலைவரிசை.
இடுப்பு பெல்ட்டில்
அவளே ஆணியடித்த நான்கு புதுத் துளைகள்;
காரணம் எவருக்கும் சொன்னதில்லை.

"ஊசி. உடம்பு இளைக்க. ஏழு மாதமாக."

கரகரப்பு.
கரகரப்பு.
பிறகு லாசி ஹக்கனெனின் குரல்:
"ஆம்புலன்ஸுக்கு முன்னால்
நான் பனி தள்ளிக்கொண்டு வருகிறேன்.
எதுவும் குடிக்காதே.
மஞ்சள் விளக்கை அணைக்காதே."