இருபத்தொன்பதாவது கூவல்

பல்லடம் தாண்டி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவே
மூணு மாடி முதியோர் இல்லம்.
ஆடி மாதம். ஜன்னலைத் திறந்தால்
கட்டில் விரிப்பு காங்கயம் வரைக்கும் போய்விடும்.

மருந்து வண்டிக்கு இப்போது திரை முளைத்திருக்கிறது.
மணிக்கட்டுப் பட்டையைக் காட்டினால் பச்சை.
மாத்திரை அட்டையைக் காட்டினால் பச்சை.
பிடிக்கவில்லையென்றால் சிவப்பு, கூடவே ஒரு கூவல்.

அதற்கு நிறையப் பிடிக்காது.
வேலாத்தாளுக்குச் சோற்றுக்கு முன்னா பின்னா என்று கூவும்.
ராயப்பனுக்கு வயது எண்பத்தாறு என்று கூவும்,
நேற்றும் எண்பத்தாறுதான்.
கால்சியத்துக்கெல்லாம் கூவும்.
நிறுத்த ஒரு காரணம் தொட வேண்டும்.
பட்டியலில் முதலாவது: மருத்துவர் அறிவார்.
என் கட்டைவிரலுக்கு அந்த இடம் மனப்பாடம்.

அன்றிரவு இருபத்தெட்டுக் கூவல்.
இருபத்தெட்டையும் மருத்துவர் அறிந்தார்,
உடுமலையில் தூங்கிக்கொண்டே.

இருபத்தொன்பதாவது
பதினாலாம் கட்டில், சென்னியப்பன், டிஜாக்சின்.
கட்டைவிரல் இறங்கிக்கொண்டிருந்தது.
கரண்ட் போனது.

வெளியே அத்தனை காற்றாடியும் சுற்றுகிறது,
கரண்ட் செய்கிற சத்தம் மட்டும் உள்ளே வருகிறது.
வண்டியின் பேட்டரி ஊதிப்போனதை
எழுதிக்கொடுத்து ஒன்பது நாள்.

ஜெனரேட்டருக்கு ஆள் ஓடுகிற நேரம்
சும்மா நிற்கக் கூச்சமாயிருந்தது.
அவர் கையைப் பிடித்தேன்.
"ஏனுங் அம்முணி, கை சோசியமா?"
"சித்தெ பேசாம இருங்க."
செல்போன் வெளிச்சத்தில் நொடிமுள்.
நாற்பத்து நாலு.
திரும்ப எண்ணினேன். நாற்பத்து மூணு.

நாடி அறுபதுக்குக் கீழே போனால் கொடுக்காதே.
பரீட்சையில் இதை எழுதி
முழு மார்க் வாங்கியவள் நான்.

விளக்கு வந்தது. திரை
சோம்பல் முறித்து எழுந்து, விட்ட இடத்தில் கூவியது:
மாலை நாடி 46. மருந்தை நிறுத்திவைக்கவும்.
அதே சிவப்பு, அதே எழுத்து,
கால்சியத்துக்கு வருகிற அதே குரல்.

மறுநாளைக்கு மறுநாள்
சட்னியில் உறைப்பில்லை என்று சென்னியப்பன் சண்டை பிடித்தார்.
மாதக் கூட்டத்தில் மேடம் படித்தார்:
"இயந்திரம் தடுத்த பிழை, ஒன்று."
எல்லோரும் கை தட்டினார்கள். நானும்.
கரண்ட் போனதை எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இதற்கும் இல்லை:
அன்றிரவு டாக்டரை எழுப்பிப் பேசி முடித்தபின்
மூணாம் மாடியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.
வண்டி இல்லாமல்,
ஒவ்வொரு கையாக.
ராயப்பன் விழித்துக்கொண்டு,
"மாத்திரைதான் போட்டாச்சுங்களே" என்றார்.

போட்டாச்சு.
அதனால்தான் வந்தேன்.