எட்டு எழுத்து

அம்பாறைப் பொலிஸுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்,
எட்டு எழுத்துக்காக.

பிடித்தது ஒரு ட்ரக்டர். பெட்டி காலி.
ஓட்டி வந்தவன் சம்மாந்துறைப் பொடியன், றிஸ்மின்.
புதுச் சேட்டின் மடிப்பு இன்னும் கலையவில்லை.
பறித்து வைத்த அவன் போனில்
காலை ஒன்பது ஐம்பதுக்கு வந்து கிடந்தது:
வீ, ஏ, எல், ஐ. ஓர் இடைவெளி.
ஐ, எல், எல், ஏ.

கான்ஸ்டபிள் வீரக்கோன் அதைத் தன் பாஷையில் வாசித்தான்.
வெலி இல்லா.
மணல் கேட்டு.
இதைவிட என்ன சாட்சி வேணும் என்று
மேசையில் தட்டினான்.
கதுருவெலவில் இருக்கும் பெண்சாதிக்கு இரவிரவாய்
இதே எழுத்தில் சிங்களம் அனுப்புகிறவன்.
பழகிய கண்.

நான் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன்.
போன வருடத் தமிழ்த்தினத்தில் மைக்கைப் பிடித்து
'தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிற விரலுக்கு
வெட்கமில்லையா' என்று கேட்டுக்
கைதட்டு வாங்கியவன்.

ஒவ்வொன்றாய், சத்தமாய்ச் சொல்லிப் பார்த்தேன்.
வழி இல்லை.
வலி இல்லை.
வளி இல்லை. காற்று அசையாத சித்திரை, அதுவும் பொருந்தும்.
வாளி இல்லை என்றும் எழுதலாம்,
நெடிலுக்கு இரண்டு ஏ போட யாருக்குப் பொறுமை?

"என்னடா தம்பி இது?"
"வலி, சேர்."
"எங்க நோகுது?"
"நோவில்ல சேர். நிக்காஹ்வுக்கு வலி.
வாப்பா மௌத்து. தங்கச்சிக்கு நான்தான் வலி.
பத்து மணிக்குக் காவின். லெவ்வை வந்து இரிக்கார்.
வலி இல்லண்டு மச்சான் அடிச்சிரிக்கான்."

சுவர் மணிக்கூட்டில் பதினொன்று ஐந்து.

"இதத் தமிழ் எழுத்தில அடிச்சிருந்தா
இந்த வில்லங்கம் வருமாடா?"
கேட்டது என் தமிழ்த்தின வாய்.
"தமிழில அடிச்சா இவருக்கு வாசிக்க ஏலாதே சேர்.
வாசிக்க ஏலாத எழுத்துக்கு இன்னும் பயப்படுவாங்க."
பிறகு, மெதுவாய்:
"நீங்களும் இப்ப வளிண்டுதானே சொன்னீங்க, வழிய."

சொன்னேன்தான்.
கல்முனைச் சந்தையில் வாளைப்பளம் வாங்கும் நாக்கு இது.
ழகரம் எனக்கு மேடையில் மட்டும் வரும்,
சால்வை மாதிரி.

வீரக்கோனுக்கு விளக்கினேன்:
கல்யாணத்தில் பெண்ணுக்குப் பொறுப்பாய் நிற்கிற ஆள்.
சிங்களத்தில் ஒரு சொல் தேடிப் பாரகாரயா என்றேன்.
அவன் தொப்பியைக் கழற்றி வைத்தான்.
எனக்கும் இரண்டு நங்கி, என்றான்.

படிவத்தில் ஒரு கட்டம். மூலத்தின் மொழி:
சிங்களம், தமிழ், ஆங்கிலம், ஒன்றில் சரி போடவும்.
அரபுச் சொல், சம்மாந்துறை வீட்டில் பிறந்த கவலை,
இங்கிலீஷ் உடுப்பு, சிங்களக் கண்.
பேனை மூன்றின் மேலும் சுற்றிச் சுற்றி வந்தது.
தமிழ் என்று சரி போட்டேன்.
கொஞ்சம் அழுத்திப் போட்டதில்
கீழ்த்தாளிலும் பதிந்துவிட்டது.

பெட்டியின் மூலையில் மணலும் இருந்தது.
ஒரு பிடி, ஈரம் காயாமல்.
அதை மொழிபெயர்க்க யாரும் என்னிடம் கேட்கவில்லை.
றிஸ்மின் தன் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ட்ரக்டர் நிற்கட்டும், ஆள் போகட்டும்,
நாளைக் காலை வரவேண்டும் என்று முடிந்தது.
அவன் போன் செத்துப்போயிருந்தது.
மச்சானின் இலக்கத்தை அவன் மனப்பாடமாய்ச் சொல்ல
என் போனில் நானே அடித்தேன்.
தமிழ் விசைகளைத் தேட நேரமில்லை.
பெருவிரல் தானாய் ஓடியது, ஒரு வெட்கமுமில்லாமல்:
வீ, ஏ, எல், ஐ.
பிறகு, வருது.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த வீரக்கோன்
"வெலி..?" என்று இழுத்தான்.
பகிடியா விசாரணையா என்று நான் திரும்பி முகம் பார்க்க,
றிஸ்மின் அதற்குள் ஓட்டோவில் ஏறியிருந்தான்.