இருப்பதாகச் சொல்லப்படுகிறது

கப்பல் ரசீதில் ஒரு வரி உண்டு,
எல்லாச் சரக்குக்கும் அதே வரி:
உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது.
சொன்னது யார் என்று யாரும் கேட்பதில்லை.
நான் வெளியே நின்று எண்ணுகிறவன்.
நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு.
பதினொரு வருடமாக, துபாய் தேராவின் கழிமுகத் துறையில்
உலகம் எனக்கு ஐந்தைந்தாகத்தான் வருகிறது.

ஆகஸ்ட் முதல் வாரம்
ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கின
பழைய ஃப்ரிட்ஜ்கள், அறுபத்துநான்கு.
யாரோ வீடு காலி செய்த வாசனை.
ஒன்றின் கதவில் காந்தம் இன்னும் பிடித்திருந்தது
ஒரு சலவைக்கடைச் சீட்டை.
ஒன்றில் குழந்தை ஒட்டிய டைனோசர், பாதி வால்.
எல்லாம் பெர்பெராவுக்கு.
சரக்குக்காரி ஹோதான் ஜாமா.

மாண்ட்வியில் கட்டிய மரக்கலம் தயார்.
நகுதா ஜூசப் தயார்.
கடல் தயாரில்லை.
தென்மேற்குக் காற்று சோமாலிக் கரையைப்
பூட்டிச் சாவியை வைத்திருந்தது.
ஆக, நாற்பத்தாறு டிகிரியில்
கரையில் வரிசையாக நின்றன
அறுபத்துநான்கு குளிர்ச்சிகள்,
ஒன்றுகூடக் குளிராமல்.

பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை
வெயிலில் வேலை கூடாது.
ஃப்ரிட்ஜ் நிழலில் படுத்தார்கள் சுமையாட்கள்.
நிழலும் சுடும் என்பது அங்கேதான் தெரிந்தது.

மூன்றாம் நாள்
மர்தானிலிருந்து வந்த குல் வஸீர் எழுந்தான்,
மரக்கலத்து ஜெனரேட்டரிலிருந்து வயரை இழுத்தான்.
பதினேழாம் எண். டைனோசர்.
இருமியது. உடம்பெல்லாம் உதறியது.
பிறகு ஒரே சுருதியில் ஓடத் தொடங்கியது.

நான் பார்க்கவில்லை.
எண்ணுகிறவனுக்கு வயர் எதற்கு?
நான்கு மணிக்கு ஒரு பாட்டில் கைக்கு வந்தது,
அதன்மேல் வியர்வை,
என்னுடையதல்லாத வியர்வை.

ராமாஷிஷ் தயிர் வைத்தான்.
பக்கத்துக் கலத்துச் சமையற்காரன் மீன் வைத்தான்;
அன்று மாலையே கூட்டம் போட்டு
மீன் தடை செய்யப்பட்டது.
நகுதா எதையோ வைத்தார்
வெண்டைக்காய்ப் பைக்குப் பின்னால்,
மருந்துக்கடை உறையோடு.

துறைமுக ஆய்வாளர் உபைத் வந்தார்.
வயரைப் பார்த்தார். கதவைத் திறந்தார்.
முகத்தை உள்ளே கொடுத்து
நெடுநேரம் ஆய்வு செய்தார்.
"ஆள் தடுக்கி விழுவான், ஓரமாகப் போடு" என்று
ஒரு பாட்டிலோடு போய்விட்டார்.

இருபத்தொன்றாம் நாள் காற்று விட்டது.
ஹோதான் வந்தாள், சப்கா விடுதியிலிருந்து,
இரண்டு போன், ஒரு கால்குலேட்டர்.
ஓடுகிற பெட்டியின் முன் நின்றாள்.
யாரும் மூச்சு விடவில்லை,
மோட்டாரைத் தவிர.

"எத்தனை நாளாக?"
"பதினைந்து" என்றான் குல் வஸீர்,
மூன்றை விழுங்கி.
"நடுவில் நின்றதா?"
"ஒரே தடவை. டீசல் தீர்ந்து."

தட்டினாள் கால்குலேட்டரை.
வாடகை கேட்கப்போகிறாள் என்று
ராமாஷிஷ் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.
அவளோ என் மார்க்கரை வாங்கி
டைனோசருக்குக் கீழே சோமாலியில் எழுதினாள்.
என்ன என்றேன்.
"பதினைந்து நாள் ஓடியது, சாட்சி உண்டு.
பதினைந்து டாலர் கூடுதல்."
பிறகு மிச்ச வரிசையைக் காட்டி
குல் வஸீரிடம் சீறினாள்:
"இதெல்லாம் என்ன பாவம் செய்தது?"

ஏற்றினோம்.
அறை நிறைய அறுபத்துமூன்று.
பதினேழைக் கடைசியில், மேல்தளத்தில்,
ஜெனரேட்டர் பக்கமாக வைக்கச் சொன்னார் நகுதா.
காரணம் சொல்லவில்லை.
வெண்டைக்காய்ப் பையும் இறங்கவில்லை.

பன்னிரண்டு கட்டு, நான்கு உதிரிக் கோடு.
கடைசி உதிரி பதினேழு.
தாளில் எழுதினேன்:
பழைய ஃப்ரிட்ஜ், அறுபத்துநான்கு,
உள்ளே ஒன்றும் இல்லாததாகச் சொல்லப்படுகிறது.

கயிறு அவிழ்ந்து கலம் விலகியபோது
வயர் செருகியபடியே இருந்தது.
பெர்பெராவில் அவள்
அந்த எண்ணைத் திருத்த வேண்டியிருக்கும்.
விலையையும்.