கேஸ்

கிரீன் சர்க்கிளில் லாரி இடித்த அன்று
"தொடாதீங்கம்மா, கேஸ் ஆயிடும்" என்றது கூட்டம்.
ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்
"வழி விடுங்க, ஆக்சிடென்ட் கேஸ்."
வார்டில் பதினேழாம் பெட் கேஸ்.
சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா
டீயை ஊதிக்கொண்டே
"உங்க கேஸ் ஸ்ட்ராங், வாய்தாவுக்கு மட்டும் வந்துடுங்க."
மாடி வீட்டில் யாரோ யாரிடமோ:
"பாவம், அது இனிமே தேறாத கேஸு."

பத்திரிகையில் அச்சடித்த பெயரை
நானும் ஒருநாள் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
'ஏங்க' போதுமாயிருந்தது.

நாற்பத்தோராம் நாள், தொரப்பாடி வீடு.
வாசலில் சிலிண்டரை டங்கென்று இறக்கி
பையன் கத்துகிறான்: "கேஸ்!"
கட்டிலில் இருந்தபடி
கை தூக்குகிறார் இவர்.

ரசீதைப் பார்த்து மறுபடி கேட்கிறான்:
"தணிகாசலம் யாருங்க?"

நான் சில்லறை தேடுகிறேன்.
தூக்கிய கை
இறங்கிவிட்டிருக்கிறது.