இரண்டு கட்டங்கள்

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
பகை, துணை.
ஏதாவது ஒன்றில்தான் குறியிட வேண்டும்.

நியோரோவுக்கு வடக்கே
சாலை மணலாகிப் போகிற இடத்தில்
ஸிராந்துவின் கொல்லை.
கம்பு பால்பிடிக்கும் நாட்களில் முதல்முறை போனேன்.
கதிருக்கு எட்டு, ஒன்பது,
ஒன்றில் பதினான்கு.
பகலெல்லாம் இலையிடுக்கில் ஒடுங்கிக் கிடந்து
இருட்டியதும் ஏறிவந்து
பூவையும் பாலையும் தின்கிற
கொப்புள வண்டுகள்.

நான்கு மூலையிலும் நெருப்பு.
சாணி, முள், ஒரு லாரி டயர்.
வெளிச்சத்துக்கு வந்து விழுபவற்றைச்
சுரைக்குடுக்கையில் வாரி வாரித்
தீயில் கொட்டினாள்.
பொரிகிற ஓசை
கம்பு பொரிவது மாதிரியே இருந்தது.
அவள் அப்படிச் சொல்லவில்லை,
எனக்குத்தான் பசி.

என் கழுத்தில் ஒன்று நசுங்கியது.
விடிவதற்குள்
திராட்சை அளவுக்கு நீர்க்கொப்புளம்.
"வாடகை கொடுத்துவிட்டீர்கள்" என்று சிரித்தாள்.
பகை என்று எழுதினேன்.
யோசிக்கவே இல்லை.

மழை நின்று நான்கு மாதம் கழித்து
அதே கொல்லையை ஒட்டிய தரிசில்
கரண்டியால் மண் சுரண்டினேன்.
வெட்டுக்கிளி வால் இறக்கி இட்டு
நுரையால் பூசி மூடிவைத்த கூடுகள்,
சுண்டுவிரல் நீளம்.
இருபது எடுத்தேன்.
ஒன்பதில் முட்டைகள் சோறுபோல் அடுக்கியபடி.
பதினொன்றில் வெறும் தோல்,
தோலுக்கு நடுவே
கொழுத்து வளைந்து தூங்கும் ஒரு வெள்ளைப் புழு.

"இது அதுவா?"
"அதன் பிள்ளை."

ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள்.
வானம் பழுப்பாகி இறங்கிய வருஷத்தில்
கூரை வைக்கோலையும்
கொடியில் காய்ந்த நீலத்துணியின் ஓரத்தையும்
அவை தின்றதைச் சொன்னாள்.
பிறகு,
"என் கொழுந்தன் ஜாகிலியும் இப்படித்தான்.
களத்தில் படுத்தால் ஒரு மூட்டை குறையும்.
படுக்காவிட்டால் களமே இருக்காது."

"அப்படியானால் நான் அன்றைக்கு எரித்தது எதை?"
என்று கேட்டாள்.
நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

இரண்டு கட்டத்திலும் குறியிட்டு அனுப்பினேன்.
'பிழை, திருத்துக' என்று
பமாகோவிலிருந்து திரும்பி வந்தது.

அவள் அன்றே, நான் தோண்டிய குழியில்
புழுக்களைத் திரும்ப வைத்து
குதிகாலால் மணலைத் தள்ளி
அழுத்தாமல் மூடினாள்.
கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.
"டயர் பாதி மிச்சமிருக்கிறது,
இந்த மழைக்கு வரும்."