சாய்வுக்கோடு

எடைமேடையில் லோரி ஏறினால்
கோலாலம்பூரில் ஒரு சர்வர் தலையாட்ட வேண்டும்.
அது ஆட்டும்வரை
ஊத்தான் மெலிந்தாங்கில் யாரும் நகரக் கூடாது.
அதுதான் அதுவரை இருந்த ஏற்பாடு.

மழை வந்தால் லைன் போகும்.
லைன் போனால் மில் வாசலிலிருந்து சிம்பாங் வரை
செம்பனைக் குலைகள் வெயிலுக்கும் மழைக்கும் காத்துக் கிடக்கும்.
ஆ கியோங் கதவைத் திறந்துபோட்டு
காலை வெளியே நீட்டி உறங்கிவிடுவார்.
குலை உறங்காது. ஒரு நாள் கழிந்தால்
எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும்.

நடுவில் ஒரு வரிசை வை என்று என்னை அழைத்தார்கள்.
எடைமேடை சீட்டைப் போட்டுவிட்டு
அடுத்த லோரியைப் பார்க்கட்டும்,
சர்வர் தனக்கு முடிந்தபோது எடுத்துக்கொள்ளட்டும்.

பெயர் கேட்டது மென்பொருள்.
'பெரட்டு' என்று அடித்தேன்.
விடியுமுன் ஆளெண்ணிய களத்தின் பெயர்.
மாற்றலாமா என்று யோசித்தேன்,
அதற்குள் விரல் பொத்தானைத் தொட்டுவிட்டது.

சர்வர் பெரட்டுக்கு வரவில்லை.
பதினொன்றுக்குப் பார்த்தால் தீச்சுவர் வாசலை அடைத்திருந்தது.
ஒன்றரைக்கு, இங்கே பெரிய எழுத்து, அங்கே சிறிய எழுத்து.
இரண்டுக்குக் கடவுச்சொல்.
அது யாருக்கும் தெரியாது.
நோராய்னி அக்காவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
மகனின் பள்ளிப்படத்தின் முதுகில் எழுதியிருந்தது.

மூன்றே காலுக்கு முதல் சீட்டு போய்ச் சேர்ந்தது.
'கிடைத்தது' என்று அந்தப் பக்கம் சொல்லும்வரை
வரிசை தன் பிரதியை அழிக்காது.
இந்த ஒரு குணத்துக்காகவே
இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.
கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன்,
பொய்ச் சீட்டுகள் நாற்பது தேங்கின.
செருகினேன்,
வந்த முறைப்படியே ஒவ்வொன்றாய் இறங்கின.

மறுநாள் மதியம்தான் மூலையை எட்டிப் பார்த்தேன்.
எல்லா வரிசைக்கும் அப்படி ஒரு மூலை உண்டு.
ஐந்து முறை நீட்டியும் சர்வர் வாங்க மறுத்தால்
செய்தி செத்ததாகக் கணக்கெழுதி அங்கே ஒதுக்குவார்கள்.

அறுபத்து மூன்றில் பதினேழு.
எடை சரி. நேரம் சரி. லோரி எண் சரி.
பெயர்களைப் படித்தேன்,
தண்ணிமலை, வீராயி, சன்னாசி,
பிறகு மெதுவாக மீண்டும் ஒருமுறை.
'பின்' என்று எழுதியவர்கள் உள்ளே போயிருந்தார்கள்.
லிம்மும் சியாவும் போயிருந்தார்கள்.
மூலையில் இருந்த பதினேழும் நாங்கள்.

யாரும் வேண்டுமென்று செய்ததல்ல.
குலை கொண்டுவந்தவர் பெயரில்தான்
சர்வர் சீட்டைக் கோப்பாக்கி வைக்கும்.
எங்கள் பெயருக்கும் அப்பன் பெயருக்கும் நடுவே
பதிவிலாக்கா இழுத்த சாய்வுக்கோட்டைக் கண்டதும்
இங்கே ஓர் அறை இருக்கிறது,
திறந்து உள்ளே போக வேண்டும் என்று நம்பிவிட்டது.
அப்படி அறை ஏதும் இல்லை.
ஐந்து முறை தேடியிருக்கிறது, பாவம்.

"கோடு இல்லாமல் எழுதச் சொல்லுங்கள், முடிந்தது"
என்றார் தலைமையகத்து ஹஃபிஸ்.
பேங்கில் பெயர் ஒட்டாதே என்றேன்.
போனில் கொஞ்ச நேரம் ஏர்கோன் சத்தம் மட்டும் கேட்டது.
என் அடையாள அட்டையை மேசைமேல் வைத்திருந்தேன்,
அவர் பார்க்க முடியாது என்று தெரிந்தும்.

ஒரே வரிதான் மாற்ற வேண்டியிருந்தது.
கோப்புக்குச் சீட்டு எண்ணைப் பெயராக வைத்தேன்,
பெயரைப் பெயராகவே விட்டேன்.
பதினேழையும் மூலையிலிருந்து எடுத்து
வரிசையின் வாலில் நிறுத்தினேன்.
கடைசியாக வீராயியின் எண்ணூற்று இருபது கிலோ.
கிடைத்தது.

இப்போது மழையிலும் லோரிகள் நிற்பதில்லை.
ஆ கியோங்குக்குத்தான் என்மேல் கோபம்,
எடை போடும் இடத்தில்
கண்ணை மூடக்கூட நேரமில்லையாம்.